செத்த புல் என்று சொன்னேன்

ஆகஸ்ட் 31

எழுதச் சொன்னவள் பிசியோதெரபிக்காரப் பெண். மணிக்கட்டு எலும்பு பொருந்திவிட்டதாம், விரல்கள்தான் சோம்பேறியாகிவிட்டனவாம். ஒரு நாளைக்குப் பத்து வரியாவது எழுதுங்கள், எந்த மொழியென்றாலும் பரவாயில்லை என்றாள். அதனால் தமிழில் எழுதுகிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது ஒரு நிம்மதி.

புதுக் கொப்பி என்பதால் முறையாகத் தொடங்குகிறேன். பெயர் நாகபூசணி. வயது அறுபத்தேழு. கனடா ஸ்காபரோவில் இதே வீட்டில் இருபத்திரண்டு வருடம். கடைசி மூன்று வருடம், என் மனுசன் போன பிறகு, தனியாக. வீடு மேட்டில் இருக்கிறது. வாசலிலிருந்து தெருவோர நடைபாதை வரைக்கும் முற்றம் முழுக்கச் சரிவு. அந்தச் சரிவில் புல். அந்தப் புல்லை வெட்டப்போய்த்தான் ஜூலையில் மெசினோடு சேர்ந்து உருண்டேன்.

இன்றைக்கு வாகீசன் வந்தான். என் ஒரே மகன், ஏஜக்ஸில் இருக்கிறான். தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தான். ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"அம்மா, வீட்டை விப்பம். எனக்குக் கிட்ட அபார்ட்மென்ட் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். பதினோராம் மாடி. லிஃப்ற் இருக்கு."

"பதினோராம் மாடியிலை நான் என்ன செய்யிறது? புறா வளக்கிறதே?"

"பகிடி விடாதேங்கோ. அந்தச் சரிவிலை அப்பாவை ஒருக்கால் தூக்கினனான். இந்த முறை உங்களை. மூண்டாந்தரம் தூக்க என்னாலை ஏலாது."

அவர் விழுந்து இறந்தது சரிவின் நடுவில். மெசின் ஓடிக்கொண்டே கிடந்தது. வேலை முடிந்து வந்து இறங்கிய வாகீசன்தான் முதலில் ஓடிப்போனவன்.

புல் வெட்ட ஆள் பிடிக்கலாமே என்று பார்த்தேன். "ஆள் ரெண்டு நாள் பிந்தினால் நீங்களே மெசினைத் தூக்குவியள்" என்றான். அது உண்மைதான். ஆனால் உண்மை என்று அவனுக்குச் சொல்லவில்லை. பதிலுக்கு வாய் முந்திக்கொண்டு வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"மே மாதக் கடைசி வரைக்கும் தா. அந்தச் சரிவிலை வெட்டுறதுக்குப் புல்லே இல்லாமல் செய்து காட்டுறன்."

"சீமெந்து போடப் போறியளே?"

"பொறுத்துப் பார்."

"சரி. மே கடைசி. அதுக்குப் பிறகு ஒரு சாண் புல்லை நீங்க வெட்ட வேண்டிவந்தாலும் வீடு போகுது."

அவன் போன பிறகு சரிவைப் போய்ப் பார்த்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. விரல்கள் நோகின்றன. பத்து வரி தாண்டிவிட்டது.

செப்டம்பர் 4

பக்கத்து வீட்டு எலேனி கிரேக்கப் பெண். என்னைவிட ஐந்து வயது மூப்பு, ஐந்து மடங்கு சத்தம். அவளுடைய வீடும் என் வீட்டைப்போல மேட்டில்தான். ஆனால் அவள் புல் வெட்டி நான் கண்டதில்லை. வெய்யில் பக்கச் சரிவு முழுவதும் தரையோடு தரையாக ஏதோ படர்ந்து கிடக்கிறது. வைகாசியில் மாத்திரம் அது ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும். அதைப் பார்த்து வடிவு என்று சொல்லிவிட்டு இருபத்திரண்டு வருடமாக நான் மெசினைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். புத்தி எங்கே போனதோ.

இன்று போய்க் கேட்டேன். புளொக்ஸாம். தவழுகிற வகை. ஒருமுறை வேர் பிடித்தால் பனியிலும் சாகாதாம், வருடா வருடம் தானாக வருமாம், பாதத்துக்கு மேலே உயராதாம். தண்ணீர் தேங்கும் நிலம் மட்டும் கூடாதாம். சரிவில் தண்ணீர் எங்கே நிற்கப்போகிறது?

"எவ்வளவு வேண்டும்?" என்றாள்.

"முழுச் சரிவுக்கும்."

சிரித்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். பிறகு சிரிக்கவில்லை. "என்னுடையதைப் பிரித்து எடு. அது மெத்தைபோல ஆகிவிட்டது, பிரித்தால்தான் அதற்கும் நல்லது" என்றாள்.

செப்டம்பர் 9

முதலில் புல்லைக் கொல்ல வேண்டும். சரிவில் புல்லைக் கிண்டி எடுத்தால் அடுத்த மழைக்கு மண் முழுக்கத் தெருவுக்குப் போய்விடும். அதனால் காட்போட் மட்டை விரிக்கிறேன். தமிழ்க் கடையில் மாம்பழப் பெட்டி கேட்டேன். கடைக்காரப் பொடியன் "அன்ரி வீடு மாறுறியளோ?" என்று கேட்டான். "மாறாமலிருக்கத்தான் கேக்கிறன்" என்றேன். விளங்காமல் இருபது பெட்டி தந்தான்.

பெட்டியைத் தட்டையாக்கி, புல்லின்மேல் விரித்து, மேலே மரப்பட்டைத் தூள். இடையிடையே கத்தியால் கீறி ஓட்டை போட்டு, அதற்குள் புளொக்ஸ் துண்டை வைத்து அமத்த வேண்டும்.

சரிவில் நின்று வேலை செய்ய மாட்டேன். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். வெறும் அரிசிப் பை ஒன்றை மடித்துப் போட்டு அதன்மேல் இருக்கிறேன். அப்படியே இருந்தபடி பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போகிறேன். இருக்கிறவள் எப்படி விழுவாள்? எலேனி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தனக்கும் ஒரு அரிசிப் பை கேட்டாள்.

செப்டம்பர் 22

முடிந்தது. நூற்று நாற்பத்தியொரு துண்டு, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. மேப்பிள் மர நிழல் விழுகிற மூலையில் மட்டும் நிழலிலும் படர்கிற அஜுகா, ஏனென்றால் புளொக்ஸுக்கு வெய்யில் வேண்டும்.

நடத் தொடங்கியது எங்கே என்று எழுதிவைக்கிறேன். நடுவில். அவர் கிடந்த இடத்தில். அங்கே தொடங்கி நான்கு பக்கமும் போனேன். காரணம் ஒன்றுமில்லை, நடுவில் தொடங்கினால் கணக்குச் சரியாக வரும்.

செப்டம்பர் 29

ஒருவருக்கும் இதைச் சொல்லப்போவதில்லை. வாகீசனுக்கே "ஏதோ நட்டிருக்கிறன்" என்பதற்கு மேல் சொல்லவில்லை.

மூடநம்பிக்கை என்று யாரும் சிரிக்கட்டும். நாலு வருடம் முன்பு என் கறிவேப்பிலைக் கன்று சாடிக்குள் முழங்கால் உயரம் தளிர்த்தது. பெருமை தாங்காமல் எல்லோருக்கும் சொன்னேன். அவருடைய அக்கா சொர்ணம் மச்சாள் பிரம்டனிலிருந்து வந்து, "என்ன வடிவாக் கிடக்கு, எங்கடை ஒண்டும் உப்பிடி வரேல்லையடி" என்றா. அதே கிழமை இலை முழுக்கக் கொட்டியது. மச்சாளில் பிழை சொல்லவில்லை. கண்ணில்தான் பிழை.

ஆகவே கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில். "என்ன முத்தத்திலை?" "செத்த புல்லு." இன்று மச்சாள் போனில் கேட்டபோதும் அதையே சொன்னேன்.

அக்டோபர் 17

முயல் கடிக்கிறது. ஒன்பது துண்டை மொட்டையாக்கிவிட்டது. வறுத்த கறித்தூள் தூவினேன். முயல் வரவில்லை. எலேனி வேலியருகே வந்து பதினொரு தரம் தும்மினாள்.

நவம்பர் 28

முதல் பனி. மூடட்டும். பனிதான் அதற்குப் போர்வை என்று எலேனி சொன்னாள்.

ஜனவரி 19

விழவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். குப்பைத் தொட்டியை வைக்க வாசல் படியில் இறங்கினேன், படியில் ஐஸ், நான் உட்கார்ந்தேன். அவ்வளவுதான். கொஞ்சம் வேகமாக உட்கார்ந்தேன். பிறகு வானத்தைப் பார்த்தபடி சிறிது நேரம் ஓய்வெடுத்தேன். கொஞ்சம் நீண்ட ஓய்வு, காது விறைக்கிற அளவுக்கு. எலேனி நாயை நடத்திக்கொண்டு வந்து கண்டு தூக்கினாள்.

"உன் மகனுக்குச் சொல்லவேண்டும்" என்றாள்.

"சொன்னால் உன்னோடு கதைக்கமாட்டேன்" என்றேன்.

ஜனவரி 20

கை நோகவில்லை. இதை இடது கையால் எழுதுகிறேன். சும்மா, பழக்கத்துக்கு.

வாகீசன் போன் எடுத்தான். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றான். தடிமன் என்றேன்.

பிப்ரவரி 11

பனி. பனி. பனி.

மார்ச் 18

சரிவில் பனி உருகிவிட்டது. போய்ப் பார்த்தேன். மண் உறைந்து இளகி, உறைந்து இளகி, பாதித் துண்டுகளை வெளியே தள்ளிவிட்டிருக்கிறது. வேர் காற்றில் தொங்குகிறது. அரிசிப் பையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்ப அமத்தினேன். மூன்று நாள் வேலை. இடுப்புக்கும் எனக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

நிறத்தைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை. எல்லாம் மண்ணிறம். கருகின சவுக்கு இலைபோலக் கிடக்கிறது.

மார்ச் 30

ஒன்றும் இல்லை. நேற்றும் இல்லை. செத்த புல் என்று ஆறு மாதம் எல்லோருக்கும் சொன்னேன், கேட்டுக்கொண்டிருந்த அது நம்பிவிட்டதோ தெரியவில்லை.

இன்றைக்கு ஒரு தரம் அழுதேன். பதினோராம் மாடியை நினைத்து அல்ல. அங்கேயிருந்து பார்த்தால் தரை தெரியாதே என்று.

ஏப்ரல் 6

பச்சை! மண்ணிற ஊசிகளை விலக்கிப் பார்த்தேன். உள்ளே அடியில் பச்சை. நடுவில் நட்டதில்தான் முதலில். தண்டின் நுனியில் கடுகளவில் மொட்டு. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டேன்.

மேலே இருந்து பார்த்தால் இன்னும் செத்ததுதான். பரவாயில்லை. எனக்குத் தெரியுமே.

ஏப்ரல் 12

சித்திரை வருசத்துக்கு நிற்க சொர்ணம் மச்சாள் வந்திருக்கிறா. எழுபத்திரண்டு வயது, கையில் இன்னும் மாடு கட்டலாம். கோயிலிலிருந்து தலையில் வைத்து முழுகுகிற மருத்துநீர் போத்தல், பயத்தம் பணியாரம், தன் வீட்டு விளக்குமாறு. என் விளக்குமாறு சரியில்லையாம்.

வாசலில் நின்று சரிவைப் பார்த்தா. "உந்தச் செத்த புல்லை இன்னும் வைச்சிருக்கிறியே?" என்றா. ஓம் என்றேன். ஆறு மாதப் பொய்யை இன்னும் இரண்டு கிழமை இழுத்தால் பூ வந்துவிடும். அதுவரை வாய் திறக்கக்கூடாது.

ஏப்ரல் 13



வாகீசனோடு வருசச் சாமான் வாங்கப் போனேன். மச்சாள் வரவில்லை, வீட்டில் வேலை இருக்கிறது என்றா. மூன்று மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தால், முற்றத்தில் மண்வெட்டியோடு நிற்கிறா. சேலையைத் தூக்கிச் செருகி, நெற்றி முழுக்க வேர்வை. சரிவின் மேல் பாதி வெறும் மண். வழித்து வைத்த தோசைக்கல்லுப்போலச் சுத்தம். பக்கத்தில் ஏழு கடதாசிப் பைகள் வாய் நிறைய.

"பாத்தியே!" என்றா. முகம் முழுக்கச் சிரிப்பு. "முத்தம் துப்பரவில்லாமல் வருசம் பிறக்கலாமே? நாளைக்குள்ளை கீழ்ப்பாதியையும் முடிச்சுப் போடுவன்."

நான் காரை விட்டு இறங்கவில்லை. பிறகு இறங்கிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வீதியில் போன ஒருவர் நின்று பார்த்தார்.

மச்சாளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் மண்வெட்டி கையிலிருந்து விழுந்தது.

"நீதானேயடி செத்த புல்லு எண்டனீ! நாலு தரம் கேட்டனான், நாலு தரமும் செத்த புல்லு எண்டனீ!"

"ஓம், சொன்னனான். சொன்னனான்!"

"ஏன்டி பொய் சொன்னனீ?"

உங்கள் கண்ணுக்குப் பயந்து என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ஆனால் மச்சாள் என்னைவிடப் புத்திசாலி. என் முகத்தைப் பார்த்தா, ஜன்னலுக்குள் தெரிந்த வெறும் கறிவேப்பிலைச் சாடியைப் பார்த்தா. வாயைப் பொத்திக்கொண்டு படியில் இருந்துவிட்டா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிழை முழுக்க என்னுடையது. இதை எழுதிவைக்கிறேன், பிறகு மாற்றிச் சொல்லக்கூடாது.

வாகீசன் வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்த்தது எந்த இடத்தை என்று எனக்குத் தெரியும். மச்சாளின் மண்வெட்டி அந்த இடத்துக்கு ஒரு முழம் மேலே நின்றிருந்தது.

எலேனி ஓடிவந்து ஒரு பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினாள். தவழ்ந்த தண்டு நெடுக வேர், தலைமயிர்போல. "இது சாகவில்லை, நாகா. வெய்யில் படாமல் இருந்தால் சாகாது. தண்ணீர் கொண்டு வா!"

ஏழு பையையும் நிழலுக்கு இழுத்து, ஈரச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறோம். விடிந்ததும் நட வேண்டும்.

ஏப்ரல் 14

வருசப் பிறப்பு.

மருத்துநீர் வைத்து முழுகிவிட்டு நான் வெளியே வரும்போது மச்சாள் ஏற்கெனவே சரிவில் இருந்தா. புதுச் சேலையோடு, அரிசிப் பையின்மேல். பொங்கலை அடுப்பில் வைத்துவிட்டு வந்திருக்கிறா.

"சேலை பழுதாப் போகும், மச்சாள்."

"போகட்டும். ஓட்டை எவ்வளவு ஆழம்?"

நான், மச்சாள், எலேனி, மூன்று அரிசிப் பை. ஒரு கிழவிப் பட்டாளம். மழைத்தூறல் நல்லதற்கு வந்தது. மச்சாள் நடுகிற வேகத்தைப் பார்த்தால் மூன்று மணித்தியாலத்தில் பிடுங்கியதை மூன்று மணித்தியாலத்தில் நட்டுவிடுவா போலிருந்தது. ஒவ்வொன்றையும் அமத்திவிட்டு ஒரு தட்டுத் தட்டினா, குழந்தையை நித்திரையாக்குவதுபோல.

மதியம் வாகீசன் சாப்பிட வந்தான். மூவரும் சேற்றோடு சரிவில் இருப்பதைக் கண்டு சிரித்தான், எனக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் எலேனி வாயைத் திறந்தாள். "உன் அம்மா இரும்பு! ஜனவரியில் ஐஸில் அரை மணித்தியாலம் கிடந்தவள், இப்போது பார்!"

சிரிப்பு நின்றது.

"ஜனவரியிலை என்ன?"

நான் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா. ஜனவரியிலை என்ன?"

சொன்னேன். "உட்கார்ந்தேன்" என்று தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து, "விழுந்தேன்" என்று முடித்தேன். அவன் சாப்பிடாமல் போய்விட்டான். பின்னேரம் செய்தி அனுப்பினான்: ஏஜென்ட் கிருபா மே 24ஆம் திகதி வருவார். மே கடைசி வரைக்கும் பார்க்கத் தேவையில்லை.

ஏப்ரல் 27

கீழ்ப்பாதியில் முதல் பூ. ஐந்து இதழ், ஒரு சத நாணயக் குற்றியைவிடச் சிறியது, ஊதா. யாருக்குக் காட்டுவது என்று தெரியாமல் வீதியில் போன கடிதக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நைஸ், மேடம்" என்றான். இன்னும் கொஞ்சம் கூடச் சொல்லியிருக்கலாம்.

மேல்பாதி அப்படியே கிடக்கிறது. சாகவும் இல்லை, அசையவும் இல்லை.

மே 8

வாகீசன் மூன்று கிழமையாகப் போனில் இரண்டு வார்த்தை. சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா. இன்றைக்கு நானே எடுத்தேன்.

"நான் விழுந்தது உண்மை. பயந்ததும் உண்மை. உன்னட்டைச் சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய பிழை. ஆனால் தம்பி, என்னை விழுத்தினது படியிலை கிடந்த ஐஸ். அதுக்குக் கைபிடி போட்டுத் தா. வீட்டை விக்காதை."



"நான் அண்டைக்கு வேலைக்குப் போகாமல் புல்லை வெட்டியிருந்தால் அப்பா மெசினைத் தொட்டிருக்க மாட்டார்" என்றான்.

மூன்று வருடத்தில் முதல் தடவை இதைச் சொல்கிறான். எனக்குக் கோபம் வந்தது. அவனில் அல்ல, இவ்வளவு நாள் நான் கேட்காமல் இருந்ததில்.

"உன்ரை அப்பாவை ஆர் தடுத்தாலும் தொட்டிருப்பார். ரெண்டு நாள் பொறுக்கத் தெரியாத மனிசன். உனக்கும் எனக்கும் தெரியும்."

அழுதான். நானும்.

மே 11

வாகீசன் இரும்புக் கைபிடி கொண்டுவந்து படியின் இரண்டு பக்கமும் பூட்டினான். "வீடு விக்கிறதுக்கும் கைபிடி தேவைதான்" என்றான். பிடிவாதத்தில் தகப்பன்.

கீழ்ப்பாதி முழுக்கப் பூத்துவிட்டது. அவன் கண்டும் காணாததுபோல் இருந்தான். போகும்போது மட்டும் காரை மெதுவாக எடுத்தான்.

மே 17

சனிக்கிழமைகளில் மச்சாள் பிரம்டனிலிருந்து மூன்று பஸ் மாறி வருகிறா, களை பிடுங்க. இன்று மேல்பாதியில் பூ. பிந்தித்தான் வந்தது, வந்தது கொட்டோ கொட்டென்று. பிடுங்கி நட்டபோது துண்டுகள் சிதறி இருநூறுக்கு மேல் போயிருக்கின்றன. நான் ஒரு சாண் விட்ட இடத்தில் மச்சாள் நாலு விரல் விட்டு நட்டிருக்கிறா. கீழ்ப்பாதியைவிட மேல்பாதி அடர்த்தி!

மச்சாள் நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தா. பிறகு படக்கென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்தினா.

"சொல்லுங்கோ மச்சாள்."

தலையை ஆட்டினா, மாட்டேன் என்று.

"பரவாயில்லை, சொல்லுங்கோ. நல்லாச் சத்தமாச் சொல்லுங்கோ."

"எவ்வளவு வடிவாக் கிடக்குதடி!" என்று கத்தினா. வீதிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தோம். கொஞ்சம் அழுதோம்.

மே 21

கார்கள் நிற்கின்றன. ஒரு சீனக் குடும்பம் இறங்கிப் படம் எடுத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஒரு ஆசிரியை வந்து எத்தனை நிறம் என்று எண்ண வைத்தாள். ஊதா, வெள்ளை, இரண்டு வகை இளஞ்சிவப்பு. நிழல் மூலையில் அஜுகா நீலக் கதிர் நீட்டி நிற்கிறது. மண் எங்கும் தெரியவில்லை. புல் ஒரு தாள்கூட இல்லை. தேடிப் பார்த்தேன்.

நான் சொன்னேன், செய்தேன். எவர் வந்து என்ன விற்றாலும் இது நடந்தது நடந்ததுதான்.

மே 24

காலை பத்து மணி. மச்சாள் வந்திருந்தா, எலேனி வேலியில். யாரையும் நான் கூப்பிடவில்லை.

கிருபா நல்ல பிள்ளைதான். சட்டை மடிப்புக் குலையாமல் இறங்கினான். "அன்ரி, இதைப் படம் பிடிச்சுப் போட்டால் ஒரே கிழமையிலை வீடு போயிடும்" என்றான். பாராட்டாம். காரின் பின்கதவைத் திறந்து விற்பனைப் பலகையையும், அதை நடுகிற கூரான இரும்புக் காலையும், சுத்தியலையும் எடுத்தான். வாகீசன் கையைக் கட்டிக்கொண்டு நடைபாதையில் நின்றான்.

கிருபா இரும்புக் காலைத் தூக்கிக்கொண்டு சரிவின் விளிம்பில் இந்தப் பக்கம் நடந்தான். அந்தப் பக்கம் நடந்தான். எங்கே வைத்தாலும் பூ.

"அன்ரி, எங்கை குத்துறது?"

"உமக்கு எங்கை குத்த மனம் வருதோ அங்கை குத்தும், தம்பி" என்றேன்.

வீதியிலிருந்து நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, நுனிக்காலால் இரண்டு எட்டு ஏறி, நடுவில் நின்றான். சுத்தியலை ஓங்கினான்.

"அண்ணை, அதிலை வேண்டாம்" என்றான் வாகீசன்.

கிருபா ஒரு எட்டுத் தள்ளி வைத்தான்.

"அதிலையும் வேண்டாம்."

"அப்ப எதிலை?"

வாகீசன் நடைபாதையிலிருந்து ஏறினான். ஜூலையில் என்னைத் தூக்கிய பிறகு அந்தச் சரிவில் அவன் கால் வைத்ததை நான் காணவில்லை. பூவை மிதிக்காமல் இடம் பார்த்து ஏறி, நடுவுக்கு வந்து, குந்தி இருந்தான். உள்ளங்கையைப் பூவின்மேல் வைத்தான். அழுத்தவில்லை, வைத்தான், அவ்வளவுதான். முதுகு குலுங்கியது. நான் கிட்டப் போகவில்லை. மச்சாள் போகப் பார்த்தா, கையைப் பிடித்து நிறுத்தினேன்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எழும்பி முகத்தைத் துடைத்தான்.

"ஒரு இடத்திலையும் குத்த வேண்டாம், அண்ணை. குறை நினைக்காதேங்கோ. வீடு விக்கேல்லை."

எலேனிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கைதட்டியது அவள்தான் முதலில்.

கிருபா ஒன்றும் கோபிக்கவில்லை. பலகையைக் காரில் ஏற்றிவிட்டு, ஏஜென்ட் மாதிரி இல்லாமல் ஒரு பிள்ளைபோல வந்து, தன் மனைவிக்குக் காட்ட ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டான். நடுவில் நின்று சிரித்துக் கொடுத்தேன். சேலை சரியில்லை, தலை வாரி இழுக்கவில்லை. பரவாயில்லை, வென்றவள் எப்படியும் நிற்கலாம்.

மே 25

பன்னிரண்டு பேருக்குச் சமைத்தேன். வந்தது ஆறு பேர். மிச்சம் இரண்டு நாளைக்குக் காணும்.

ஜூனில் பூ முடிந்ததும் பாதி உயரத்துக்குக் கத்தரித்துவிட வேண்டுமாம். அப்போதுதான் அடுத்த வைகாசிக்கு இன்னும் அடர்த்தியாக வருமாம். வாகீசன் வந்து செய்கிறேன் என்றான். நீ கீழ்ப்பாதியைச் செய், மேல்பாதி எனக்கும் மச்சாளுக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.